விட்டுக்கொடுத்து வாதிடும் கலை

கருக்கலைப்பு பற்றிய விவாதம் பெரும்பாலும் கரு ஒரு மனிதரா என்ற ஒரே கேள்வியைச் சுற்றிவந்த காலத்தில், அமெரிக்க மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971இல் ‘ஃபிலாசஃபி அண்ட் பப்ளிக் அஃபேர்ஸ்’ என்னும் ஆய்வேட்டின் முதல் இதழில் எழுதிய கட்டுரை, அக்கேள்வியை எதிர்த்தரப்புக்கே விட்டுக்கொடுத்துத் தொடங்குகிறது. கருவுற்ற கணம் முதலே கரு மனிதர்தான் என்பதைத் தாம் ஏற்காதபோதும், வாதத்தின் பொருட்டு அதனை எடுகோளாக, அதாவது முடிவுக்கு அடிப்படையாக வைக்கும் கூற்றாக, அவர் மேற்கொள்கிறார். அதிலிருந்து கருக்கலைப்பு தவறு என்ற முடிவு தானே பிறக்குமா என்பதே அவர் எழுப்பும் வினா. பிறர் கொள்கையை மேற்கொண்டு பின் களைவதை எழுவகை மதங்களுள், அதாவது நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளுள், ஒன்றாக எண்ணும் இலக்கண நூலான நன்னூலை அறிந்தவர்களுக்கு இவ்வுத்தி புதிதன்று. இத்துணைக் கொதிப்பான பொருளில் அது இத்துணை நிதானத்துடன் கையாளப்படுவதுதான் அரிது.

அடுத்து வருவது சிந்தனைச் சோதனை, அதாவது ஒரு கொள்கையை உரசிப் பார்க்கப் புனையும் கற்பனைச் சூழல். சிறுநீரக நோயால் நினைவிழந்த புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவரைக் காக்க, இசை ஆர்வலர்கள் வேறொருவரைக் கடத்திவந்து இருவரின் குருதியோட்டத்தையும் இணைத்துவிடுகின்றனர். ஒன்பது மாதம் அப்படியே கிடந்தால் கலைஞர் பிழைப்பார், விலகினால் இறப்பார். கலைஞருக்கு வாழும் உரிமை உண்டு என்பதில் எவருக்கும் ஐயமில்லை, ஆயினும் கடத்தப்பட்டவர் விலகவே கூடாது என்று விதிக்கப் பலரும் தயங்குவர். வாழும் உரிமை பிறர் உடலைப் பயன்படுத்தும் உரிமையாகிவிடாது என்ற நுட்பம் அத்தயக்கத்திலிருந்தே பிறக்கிறது.

இச்சோதனை வன்புணர்வால் விளைந்த கருவுக்கு மட்டுமே பொருந்தும் என்ற மறுப்பை எதிர்கொள்ள, கருத்தடை பொய்த்த நிலைக்கு ஒப்பாக, சன்னல் வலையின் பழுது வழியே புகுந்து வீட்டு விரிப்பில் வேரூன்றும் மனித விதைகளை அவர் புனைகிறார். அவ்விந்தைச் சூழலில் வாசகரின் உள்ளுணர்வு உறுதியாகப் பேசுவதில்லை என்பதால், கட்டுரையின் தளர்ந்த இடம் இதுவே எனலாம். விலகிச் சாகவிடுவதும் நேரே கொல்வதும் ஒன்றல்ல என்று பின்வந்தோர் எழுப்பிய மறுப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

எனினும் தம் முடிவுக்குத் தாமே எல்லை வகுக்கும் இடத்தில்தான் அவரது கைத்திறன் முழுமையாகத் தெரிகிறது. வெளிநாட்டுப் பயணம் தள்ளிப்போகும் என்ற தொல்லைக்காக மட்டும் ஏழாம் மாதத்தில் கருவைக் கலைக்கக் கோருவது பண்பற்ற செயல் என்றும், கருவைச் சுமக்க மறுக்கும் உரிமை, ஒருவேளை அது உயிருடன் வெளிவந்தால் அதன் சாவை உறுதிசெய்யும் உரிமை ஆகாது என்றும், தம் தரப்பிலேயே சிலர் மனநிறைவு கொள்ளமாட்டார்கள் என்பதை அறிந்தே அவர் எழுதுகிறார்.