சோதனை பச்சை, 'க்ஷ' இரண்டு
எழுத்தை எங்கே வெட்டலாம் என்று சோதிக்க யூனிகோட் ஒரு தரவுக்கோப்பு தருகிறது: ÷ என்றால் வெட்டு, × என்றால் வெட்டாதே. ரஸ்ட் மொழியின் யூனிகோட்-செக்மென்டேஷன் நிரலகத்தில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் அதைப் படித்து ரஸ்ட் நிரலாகவே எழுதிவிடும். கைப்பிழை இல்லை; புதுப் பதிப்பு வந்தால் மறுபடி ஓட்டினால் போதும். நல்ல வழிதான்.

ஆனா ஸ்கிரிப்ட் தரவைக் கேள்வி கேட்காது. 2023-இல் வந்த 15.1 பதிப்பு தேவநாகரி, தெலுங்கு, மலையாளக் கூட்டெழுத்துகளை வெட்டக் கூடாது என்றது. தமிழ் அதில் இல்லை. 'க்க' நமக்கு இரண்டு எழுத்து என்பதால் பெரும்பாலும் சரி. ஆனா 'க்ஷ' க், ஷ என்று உடைகிறது. சோதனையெல்லாம் பச்சை!

தமிழுக்கு எடிட்டர் எழுதுபவர்கள் 'க்ஷ'வுக்கான விதியையும் சோதனையையும் கையால் சேர்க்கணும். அதுவும் தனிக் கோப்பில். ஸ்கிரிப்ட் எழுதிய கோப்பில் சேர்த்தால் அடுத்த ஓட்டத்தில் காணாமல் போகும்.