ஹனீனின் ஆண்டு

சூடானிய நாவலாசிரியர் தைய்யிப் ஸாலிஹ் (1929–2009) உலகெங்கும் அறியப்பட்டது 1966இல் வெளிவந்த 'வடக்கு நோக்கிப் பெயரும் பருவம்' என்னும் நாவலால். அதே பத்தாண்டில் அவர் எழுதிய 'உர்ஸ் அல்ஸைன்' என்ற சிறு நாவல் அதன் நிழலிலேயே தங்கிவிட்டது. தலைப்பின் பொருள் 'ஸைனின் திருமணம்'. நம் தர்காக்களில் இறைநேசரின் நினைவு நாளைக் குறிக்க வழங்கும் 'உரூஸ்' என்பதும் இச்சொல்லே. அதன் மூலப்பொருள் மணவிழா. இவ்விரு பொருளையும் மனத்தில் இருத்திப் படிக்கும் வாசகருக்கு நாவல் வேறொரு கதவைத் திறக்கிறது.

களம், நைல் நதிக்கரையிலுள்ள ஒரு வடசூடானியக் கிராமம். ஸைன் அவ்வூரின் வெகுளி. இரண்டே பற்கள், நீண்டு மெலிந்த கைகால்கள், அடங்காத சிரிப்பு. அழகிய பெண்கள்மீது அடிக்கடி காதல்கொண்டு ஊரறியக் கூவுவான். அவன் கூவிய பெண்ணை நல்ல வரன் தேடிவந்து மணந்துகொள்ளும். அவனுக்கே திருமணம் என்ற செய்தியோடுதான் கதை தொடங்குகிறது. பால்காரி ஹலீமா அதைச் சொல்லிக் கேட்பவளைத் திகைக்கவைத்து, அந்தத் திகைப்பிலேயே அளவைக் குறைத்துவிடுகிறாள். அற்புதத்தை அறிவிக்கும் வாயே பாலிலும் கள்ளத்தனம் செய்கிறது. ஸாலிஹின் உலகம் இத்தகையது.

இந்நாவலை 'மாய யதார்த்தம்' என்ற பெயரில் வகைப்படுத்துவோர் உளர். அப்பெயர் லத்தீன் அமெரிக்கப் புனைவுகளால் புகழ்பெற்றது. ஆயின் ஸாலிஹ் தம் நூலிழையை எடுத்தது அருகிலிருந்தே, இறைநேசர்களின் கராமத்துகளைச் சொல்லும் வாய்மொழி மரபிலிருந்தே என்று நாம் கருதுகிறோம். அம்மரபில் அற்புதம் வியப்புக்குரியதேயன்றி நம்பமுடியாததன்று.

நடுநிகழ்ச்சி ஒரு வன்முறை. பொற்கொல்லரின் மகன் சைஃபுத்தீன், ஊதாரி. தன் தங்கையின் திருமணத்தின்போது கோடரியால் ஸைனின் தலையில் வெட்டியவன். பின்னர் ஒரு மாலை ஸைன் அவன் கழுத்தைப் பிடித்து இறுக்குகிறான். மஹ்ஜூபும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்திழுத்தும் பிடி தளரவில்லை. பாலைக்கும் ஊருக்கும் இடையே வந்துபோகும் துறவி ஹனீன் வந்து பெயர்சொல்லி அழைத்ததும் தளர்கிறது. அக்கணத்தில் தான் இறந்து மீண்டதாகவே சைஃபுத்தீன் பிற்பாடு சொல்கிறான். குடி, களியாட்டம் விட்டுப் பள்ளிவாசலுக்கு வரத் தொடங்குகிறான். ஊரிலேயே சிறந்த பெண்ணை ஸைன் மணப்பான் என்றும் ஹனீன் அன்று சொல்கிறார்.

அதைத் தொடரும் காலத்தை ஊரார் 'ஹனீனின் ஆண்டு' என்றழைக்கின்றனர். மலடென்று கருதப்பட்டோர் கருவுறுகின்றனர். கால்நடைகள் இரட்டைக் குட்டிகள் ஈனுகின்றன. பேரீச்சை குலைகுலையாய்க் காய்க்கிறது. அதே பட்டியலில் பருத்தி விலை ஏறுகிறது. அரசு மருத்துவமனையும் பள்ளியும் கட்ட முடிவுசெய்கிறது. அரசாணையும் பரக்கத்தும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இதை மூடநம்பிக்கையென்று நகைப்பவர் ஸாலிஹின் நகைச்சுவையைத் தவறவிடுகிறார். முற்றாக ஆன்மிகமென்று கொள்பவரும் அவ்வாறே. ஸைனின் தலைக்காயத்தை ஆற்றியது துறவியன்று, மெரோவே நகர மருத்துவமனை. (2023 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் வெடிப்பதற்குச் சற்று முன் படைகள் எதிரெதிரே வந்து நின்ற அதே மெரோவே.) அங்கிருந்து அவன் வெண்பற்களோடு திரும்புகிறான். உடலை மருத்துவர் பார்த்துக்கொண்டார். பகையை ஆற்ற வேறொருவர் தேவைப்பட்டார்.

நாவலின் நிஜமான ஆற்றல் நிஃமாவிடம் உள்ளது. சிறுமியாயிருந்தபோது, பையன்கள் மட்டுமே படித்த குர்ஆன் பள்ளிக்குப் பிடிவாதமாய்ச் சென்றவள் அவள். வந்த வரன்களை மறுத்தவள், ஸைனைத் தானே தேர்கிறாள். ஹனீனின் வாக்கு பலித்தது என்று ஊர் சொல்லலாம். அவள் முடிவெடுக்காவிடில் அவ்வாக்கு எங்ஙனம் பலித்திருக்கும்? அவளுடைய மனத்துள் ஆசிரியர் இன்னும் சற்று நேரம் தங்கியிருக்கலாகாதா என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

இமாமின் நிலை மேலும் சிக்கலானது. ஊர் அவருக்கு ஊதியம் தருகிறது. பிறப்புக்கும் இறப்புக்கும் நிக்காஹுக்கும் அவரை அழைக்கிறது. உள்ளத்தளவில் தள்ளியே வைத்திருக்கிறது. ஸைன் வெறுக்கும் ஒரே மனிதரும் அவரே. விமர்சகர் பலர் இதனைச் சட்டநெறிக்கும் தஸவ்வுஃபுக்கும் இடையிலான போராகச் சுருக்குகின்றனர். நம் பார்வையில் ஸாலிஹ் இமாமைப் பழிக்கவில்லை. மரணத்தை ஓயாமல் நினைவூட்டுபவரை அறுவடைக் காலத்து மாந்தர் எவ்வளவு நேரம் கேட்பர் என்பதையே காட்டுகிறார். மணவிழாவில் எல்லாரும் வருகின்றனர்: ஒரு வீட்டில் குர்ஆன் ஓதல், இன்னொன்றில் குடி, வெளியே முன்னாள் அடிமைக் குடியைச் சேர்ந்த பெண்களின் ஆடல்பாடல். அப்பெண்கள் மறுநாள் எந்த நிலைக்குத் திரும்புவர் என்பதை நாவல் கேட்பதில்லை; அது அதன் குறையே.

கொண்டாட்டத்தின் நடுவே மணமகனைக் காணவில்லை. தேடிச்சென்றோர் அவனை ஹனீனின் கப்ரருகே அழுதவண்ணம் காண்கின்றனர். உர்ஸ் என்ற சொல்லின் இரு பொருளும் அங்கு ஒன்றையொன்று தொடுகின்றன. அழைத்துவரப்பட்ட ஸைன் ஆடல் வட்டத்தின் நடுவே நிற்கிறான்.

இக்கிராமம் பிற்கால நாவலான 'பந்தர்ஷா'விலும் வருகிறது. 'ளவ்வுல் பைத்' (1971), 'மர்யூத்' (1976) என்னும் அதன் இரு பாகங்களில் மஹ்ஜூபின் தலைமை சரிந்துவிட்டது. இளையோர் அவரை ஒதுக்கிவிட்டனர். ஸைனின் மணவிழாவைப் படித்தவர் தொடர்ந்து அந்நூலையும் படிப்பது நலம்.