வழிப்போக்கனும் அச்சச்சுவையும்

எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் அச்சத்தையும் இளிவரலையும் தனித்தனியே எண்ணினார். வடமொழி நாட்டிய நூலாரும் பயானகம், பீபற்சம் எனச் சுவை இரண்டாகவே கொண்டனர். அஞ்சுதல் வேறு, அருவருத்தல் வேறு என்பது இரு மரபினர்க்கும் உடன்பாடு. இவ்வேறுபாட்டை மறந்த கலை எங்ஙனம் தன் பயனை இழக்கின்றது என்பதை, வழிப்போக்கரைப் பொருளாகக் கொண்ட இரண்டு திரைப்படங்களை வைத்து ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, ஈலை றொத் என்பார் நெறிப்படுத்தி 2005 இல் வெளிவந்த 'ஹொஸ்டல்'. அமெரிக்க இளைஞர் இருவரும் ஐசுலாந்து நண்பன் ஒருவனும் ஐரோப்பாவிற் சுற்றித் திரிகின்றனர். இன்பம் மலிந்த ஊர் என ஒருவன் சொன்ன சொல்லை நம்பிச் சிலோவாக்கிய நாட்டு விடுதி ஒன்றை அடைகின்றனர். அங்கு அவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற் போகின்றனர். பணம் படைத்தோர் விலை கொடுத்து மனிதரை வாங்கி வதைத்துக் கொல்லும் இடம் ஒன்றுக்கு அவர்கள் விற்கப்படுகின்றனர்.

இப்படத்தை மட்டக்களப்பு நகரப் படமாளிகை ஒன்றிற் கண்டேன். நண்பனைக் காணோமென்று தேடுவோரிடம், அவன் புறப்பட்டுப் போய்விட்டான் என்று விடுதியில் அமைதியாகக் கூறும் இடத்தில் மாளிகை முழுவதும் மூச்சடங்கியிருந்தது. பின்னர்க் கத்தியும் குருதியும் திரையை நிரப்பியபோது முன்வரிசை இளைஞர் சிரிக்கத் தொடங்கினர். என் அருகிலிருந்த படுவான்கரைப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, "இதக் காசு குடுத்துப் பாக்கணுமா தம்பி? நாங்க சும்மாவே கண்டதுதானே" என்று சொல்லி வெளியேறினார். சிரித்தவரும் அஞ்சவில்லை, எழுந்து சென்றவரும் அஞ்சவில்லை.

இப்படத்திற் சிறப்பு இல்லையென்று கூறுதல் நடுவுநிலையன்று. பிறர் நோவைக் காசு கொடுத்து நுகர்வோர் உளர் என்னும் கருத்து ஆழமானது. ஆயின் அக்கருத்தைச் சிந்திக்க விடாது, அந்நோவையே நமக்கும் காட்சிப் பொருளாக்கி விற்கின்றது படம். பெரியவர் கேட்ட கேள்வி படத்தின் குற்றத்தைத் தொட்ட கேள்வியாகும்.

இனி, அல்பிரட் ஹிட்ச்கொக் 1960 இல் அளித்த 'சைக்கோ'வை நோக்குவோம். நாற்பதாயிரம் டொலரைக் கவர்ந்துகொண்டு காரிற் செல்லும் ஒரு பெண், மழையில் வழி தவறித் தனித்த விடுதி ஒன்றை அடைகின்றாள். விடுதிக்காரன் அவளுக்கு உணவும் பாலும் கொடுத்து அன்பாக உரையாடுகின்றான். பணத்தைத் திருப்பிக் கொடுக்க அவள் மனந்திருந்திய அவ்விரவே குளியலறையிற் கொலையுண்கின்றாள். கொலைக்காட்சி ஒரு நிமிடமளவும் நீடிப்பதில்லை. படமோ கறுப்பு வெள்ளை. குருதிக்குச் சொக்கலேற்றுப் பாகே பயன்பட்டது. கத்தி உடலிற் பாய்வதை நாம் கண்டதாக எண்ணுகின்றோமேயன்றிப் பெரிதும் காண்பதில்லை. நம்மை நடுக்குவது குருதியன்று. பாலூட்டிய வீட்டிலேயே சாவு காத்திருந்தது என்னும் உணர்வாகும்.

தமிழ்ப் புலவர் இந்நுட்பத்தை நன்கறிந்திருந்தனர். பாலைத்திணையில் ஆறலை கள்வரால் வீழ்த்தப்பட்ட வழிப்போக்கரின் உடலை மூடிய பதுக்கையையே அவர் காட்டினர். தழையும் கல்லும் மூடிய அக்குவியலைக் கண்டு, பொருள்தேடிச் சென்ற தலைவனை எண்ணி நெஞ்சம் பதறுகின்றது. பழையனூர் நீலி கதையும் வழிப்போக்கன் கதையே. தன்னைத் தொடர்பவள் பேயென அஞ்சிய வணிகனை வேளாளர் எழுபதின்மர் தேற்றினர். அவனுயிருக்குத் தம்முயிரைப் பிணை வைத்தனர். அவன் மாண்டபின் சொன்ன சொற்படி தீப்புகுந்தனர். நீலியின் கொடுமையை மிஞ்சி நிற்பது, புகலளித்தோர் ஏற்ற பொறுப்பாகும். 'ஹொஸ்டல்' விற்ற நம்பிக்கையை எழுபதின்மர் உயிர்கொடுத்துக் காத்தனர்.

ஆகவே வழிப்போக்கன் கதையில் அச்சத்திற்கு நிலைக்களன் அடைக்கலம் பொய்த்தலேயாம். குருதி மிகுந்தால் அச்சம் இளிவரலாகத் திரிகின்றது. இளிவரல் மேலும் நீண்டால் நகைப்பாக முடிகின்றது.

வாவியைக் கடந்து சென்றவர் பொழுதுபட்டும் திரும்பாத நாட்களை, 2009 இல் முடிவுற்ற போர்க்காலத்தில் எம் பகுதி நெடிது கண்டது. வாசலில் விளக்குடன் காத்திருந்தோர் அஞ்சியது வெறுமையான வழியைக் கண்டேயாம். அத்தகைய மண்ணில் வளரும் மாணவர், திரையிற் பிறர் புண்ணைக் கண்டு சிரிக்கப் பழகுதல் நன்றன்று. படம் பார்க்கவேண்டாம் என்பது என் கருத்தன்று. வீழ்ந்தவன் யார், அவனுக்காகக் காத்திருப்பவர் யாவர் என்று எண்ண இடந்தருகின்றதா என ஒவ்வொரு படத்தையும் வினவுவோமாக. இடந்தராத படம் எத்துணைக் குருதியைக் கொட்டினும் அச்சச்சுவை உடையதென்று கொள்ளற்பாலதன்று.