முகமன் மட்டும் மொழியாகுமா?

ஊரப்பாக்கத்தின் எந்தத் தொடக்கப் பள்ளியிலும் காலையில் கேட்பது, பிள்ளைகள் ஒரே குரலில் இழுத்துச் சொல்லும் ‘குட்மார்னிங் மிஸ்’. இதே பாணியில் ‘ஓலா’, ‘புவேனோஸ் தியாஸ்’ என்று ஸ்பானிய முகமன்களையும் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித்தரலாம் என்ற யோசனையைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு இலக்கணம் வேண்டாம், கூச்சமும் விலகும். ஸ்பானியத்தின் ப, த, க ஒலிகள் தமிழைப் போலவே மூச்சை வெளித்தள்ளாதவை. ‘அதியோஸ்’ என்பதில் வரும் தகரம் நம் ‘அது’வில் போலவே மென்மையாகிறது. நண்பனிடம் ‘கோமோ எஸ்தாஸ்’ என்றும் பெரியவரிடம் ‘கோமோ எஸ்தா’ என்றும் கேட்பது, நீ, நீங்கள் பழகிய பிள்ளைக்குப் புதிதே அல்ல.

ஆனால் முகமன் என்பது எதிரில் இருப்பவருக்குச் சொல்வது. கூட்டாகச் சொல்லிப் பழகிய பிள்ளை, மதியம் வரும் ஆசிரியருக்கும் ‘குட்மார்னிங்’ என்கிறது. ஒலி பதிந்திருக்கிறது, பொருள் பதியவில்லை. மாமல்லபுரத்தில் கற்சிலை விற்பவர்கள் பாடநூல் இல்லாமலே பல நாட்டு முகமன்களைப் பேசுகிறார்கள். பதில் சொல்ல எதிரே ஆள் நிற்பதுதான் காரணம். சின்ன வயதில் தொடங்கினால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். வீட்டிலும் தெருவிலும் நாள் முழுக்கக் கேட்கும் மொழிக்கு அது பொருந்தும். வாரம் ஒரு வகுப்புக்குப் பொருந்தாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எட்டு வயதிலேயே பிரெஞ்சு தொடங்கிப் பார்த்த பெரிய சோதனையை ஆய்வாளர் கிளேர் பர்ஸ்டாலின் குழு 1974இல் மதிப்பிட்டது. பதினோரு வயதில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். பதினாறு வயதில், எட்டு வயதிலேயே தொடங்கியவர்களுக்கு மிஞ்சியது கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டும் சிறு முன்னிலை. 2020 தேசியக் கல்விக் கொள்கைகூட ஸ்பானியம் போன்ற அயல்மொழிகளை உயர்வகுப்புகளுக்கே பரிந்துரைக்கிறது. எட்டு வயதுக்குள் பிள்ளைகள் பிழையின்றிப் படிக்கவேண்டும் என்று 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலத்தில், தொடக்க வகுப்பின் ஒவ்வொரு மணி நேரமும் அருமையானது.

எதிரில் ஆள் வேண்டுமென்றால் அவர் பக்கத்திலேயே இருக்கிறார். மறைமலை நகர் ஆலைகளுக்கும் ஜிஎஸ்டி சாலைக் கட்டுமானங்களுக்கும் வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த வட்டாரப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்கள் மொழியில் ஒரு முகமன் கற்றால் அன்றே பயன்படும், பதிலும் கிடைக்கும். இது 1968 முதல் நாம் காத்துவரும் இருமொழிக் கொள்கைக்குப் பின்வாசல் ஆகாதா என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இதில் பாடநூல் இல்லை, மதிப்பெண் இல்லை, கட்டாயமும் இல்லை. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லித்தருகிறது; வந்த பிள்ளையும் பதிலுக்கு ‘வணக்கம்’ கற்கிறது. ஸ்பானியம் வேண்டும் பள்ளிகள் அதை உயர்வகுப்பில், தகுதியான ஆசிரியரோடு, போதிய நேரம் ஒதுக்கித் தொடங்கட்டும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள், புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் அம்மாவிடம் அவர்கள் வீட்டில் எப்படி முகமன் சொல்வார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.