சீமாட்டியின் சாட்சியம்

இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்துத் தலைமறைவாக இயங்கியவர்களைப் பற்றிய நூல்களில், பிரபு குலத்துப் பெண்களுக்கென்றே ஓர் அலமாரி நிரம்பியிருக்கிறது. ஷ்ராபனி பாசு எழுதிய நூர் இனாயத் கானின் வாழ்க்கை வரலாறு 'ஸ்பை பிரின்சஸ்' (2006) என்ற தலைப்பில் வந்தது. நூரின் தந்தைவழிக் குடும்பம் திப்பு சுல்தானின் வழிவந்தது. 1799க்குப் பிறகு திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்ததை அறிந்த நமக்கு அந்த உறவு நெருக்கமானதுதான். ஆனால் வயர்லெஸ் பெட்டியோடு பாரிஸில் இடம் மாறி மாறிப் பிரிட்டனுக்குச் செய்தி அனுப்பி, பிடிபட்டு, 1944 செப்டம்பரில் டாஹாவ் முகாமில் கொல்லப்பட்ட நூர் அரண்மனை வாழ்வை அறியாதவர். ஆவணங்களைத் தோண்டி எழுதிய நல்ல நூலுக்கு அந்தத் தலைப்பு நியாயம் செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த நூல்களை ஒருசேரப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. குலமும் பட்டமும் இந்தப் பெண்களுக்கு எங்கே கைகொடுத்தன? அப்படிக் கிடைத்த சலுகையை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள்?

பெர்லினில் சீமாட்டி மரியா ஃபான் மால்ட்சான், ஹான்ஸ் ஹிர்ஷெல் என்ற யூத எழுத்தாளரைத் தன் வீட்டில் ஒளித்துவைத்திருந்தார். சோதனை வரும்போது சோபாவின் அடிப்பெட்டிக்குள் அவர் புகுந்துகொள்வார். மூச்சுவிடத் துளைகள் போட்டு, இருமல் அடங்க மருந்தும் தண்ணீரும் உள்ளே வைத்திருந்தார் மரியா. நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாபோவின் ஆட்கள் அந்தச் சோபாவைத் திறக்கச் சொன்னபோது, சந்தேகமிருந்தால் சுட்டுப் பாருங்கள், கிழிகிற துணிக்குப் பணம் தருவதாக முதலில் எழுதிக் கொடுங்கள் என்றார். அவர்கள் சுடவில்லை. ஏவலாட்களை அதட்டியே வளர்ந்த குரல் அன்று ஓர் உயிரைக் காத்தது.

போலந்துப் பிரபுவின் மகள் கிறிஸ்டினா ஸ்கார்பெக் 1944 ஆகஸ்டில் பிரான்சின் டின்யே நகரச் சிறைக்குத் தானே போனார். தன்னைப் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் உறவினள் என்று சொல்லி, மிரட்டியும் 20 லட்சம் பிராங்க் பேரம் பேசியும், கொல்லப்படவிருந்த மூவரை மீட்டார். க்ளேர் மல்லியின் நூல் (2012) இதை விறுவிறுப்பாகச் சொல்கிறது. காதல் கதைகளுக்கு அதில் ஒதுக்கிய பக்கங்கள்தான் சற்று அதிகம்.

கரோலினா லான்ட்ஸ்கொரோன்ஸ்காவிடம் வரும்போது சாகசக் கதையின் சாயல் மறைந்துவிடுகிறது. 1898இல் பிறந்து வியன்னாவில் மாளிகையில் வளர்ந்தவர். அன்றைய போலந்தின் லுவோவ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தவர். 1939இல் சோவியத் படை நகரைப் பிடித்ததும் ரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். பின்னர் ஜெர்மானியர் வசமிருந்த பகுதியில், போலந்து நலவாழ்வுக் குழுவின் பேரில் ஊர் ஊராகப் போய்ச் சிறைக் கைதிகளுக்கு உணவு கிடைக்க ஏற்பாடு செய்தார். 1942 மே மாதம் கைதானார்.

ஸ்டானிஸ்லாவூஃப் நகரக் கெஸ்டாபோத் தலைவன் ஹான்ஸ் க்ரூகர் அவரை விசாரித்தான். எப்படியும் சாகப்போகிறவள்தானே என்ற நினைப்பில், 1941 ஜூலையில் லுவோவ் பேராசிரியர்களைக் கொன்றதில் தனக்குப் பங்குண்டு என்று அவரிடமே பெருமையடித்தான். கொல்லப்பட்ட 20க்கும் மேற்பட்டோர் அவரோடு ஒரே பல்கலைக்கழக வட்டத்தில் பழகியவர்கள். கேட்டதை மனத்தில் இருத்திக்கொண்டார். இத்தாலிய அரச குடும்பம் எஸ்எஸ் படைத் தலைவன் ஹிம்லரிடம் பரிந்து பேசியதால் உயிர் தப்பினார். பட்டம் கைகொடுத்த இடம் இதுதான். மீண்ட உயிரோடு அவர் செய்த முதல் காரியம், க்ரூகர் சொன்னதைச் சிறையிலிருந்தபடியே ஜெர்மானிய அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தது. இந்த நூல்களில் இதற்கு இணையான துணிச்சலை நான் படித்ததில்லை.

1943 ஜனவரியில் ரேவன்ஸ்ப்ரூக் பெண்கள் முகாம். சில காலம் தனியறையும் நல்ல சாப்பாடும் கொடுத்தார்கள். மற்றப் பெண்களோடு தன்னையும் அடைக்கும்படி கேட்டார். கட்டாய அறுவைச் சோதனைக்கு ஆளான போலந்துப் பெண்களுக்குத் துணை நின்றார். பசியில் கிடந்தவர்களுக்கு மறுமலர்ச்சி ஓவியங்களைப் பற்றி, கையில் ஒரு படம்கூட இல்லாமல், வகுப்பெடுத்தார். செஞ்சிலுவைச் சங்கத் தலைவர் புர்க்ஹார்ட்டின் முயற்சியால் 1945 ஏப்ரலில் விடுதலையானார்.

போர் முடிந்த கையோடு எல்லாவற்றையும் எழுதிவிட்டார். ரஷ்ய எதிர்ப்பு அதிகம் என்று ஒரு முறையும், ஜெர்மானிய எதிர்ப்பு அதிகம் என்று மறு முறையும் ஆங்கிலப் பதிப்பாளர்கள் திருப்பியனுப்பினார்கள். 2001இல்தான் போலிஷ் மொழியில் நூல் வந்தது. அடுத்த ஆண்டு ரோம் நகரில் தம் 104ஆம் வயதில் காலமானார். எதையும் போலந்து தேசப்பற்றின் கண்ணால் பார்ப்பவர் என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். ஆனாலும் தன்னைப் பற்றிய பெருமிதம் இல்லாத, தேதியும் பெயருமாக நகரும் அந்த உரைநடைக்கு, பிறர் எழுதிய வரலாறுகள் ஈடாகவில்லை.

1967இல் ம்யூன்ஸ்டர் நீதிமன்றத்தில் க்ரூகருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். மறு ஆண்டு ஆயுள் தண்டனை வந்தது, வேறு கொலைகளுக்காக. லுவோவ் பேராசிரியர்களின் கொலைக்காக க்ரூகர் கடைசிவரை தண்டிக்கப்படவே இல்லை.