திருநின்றவூரைச் சுற்றிக் காட்டுதல்

வெளியூர் நண்பர்களுக்குத் திருநின்றவூரைச் சுற்றிக் காட்டுவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. சென்னை–அரக்கோணம் மின்சார ரயிலில் வந்திறங்கினால் ஒரு காலைப்பொழுது போதும்.

முதலில், 108 திவ்யதேசங்களுள் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயில். திருமங்கையாழ்வார் பாடிய தலம். 'என்னைப் பெற்ற தாயார்' என்ற தாயாரின் திருநாமத்தைக் கேட்டதுமே வந்தவர்கள் முகம் மலர்ந்துவிடும். அடுத்து, ஏரிகாத்த ராமர் கோயில்.

நிறைவாக இருதயாலீஸ்வரர். பொருள் இல்லாத பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார், கடைக்கால் முதல் கலசம் வரை. காஞ்சியில் கற்றளி கட்டிய பல்லவ மன்னனிடம் குடமுழுக்கு நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டுச் சிவன் இவரிடம் வந்தார் என்கிறது பெரியபுராணம். கருவறையில் லிங்கத்தோடு பூசலாரும் இருக்கிறார். இந்தக் கதையைப் பூசலாரின் ஊரிலேயே நின்று சொல்வதைவிட நல்ல விருந்தோம்பல் எனக்குத் தெரியாது.