பந்தைக் கொண்டுவருபவர்

ஓசூரில் கூடைப்பந்துக் கிறுக்கு பிடித்தவர்கள் பெரிய ஆட்டம் பார்க்க அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு கண்டீரவா உள்ளரங்குக்குப் போவார்கள். திரும்பும் பஸ்ஸில் ஒரே வாக்குவாதம்: தமிழ்நாட்டின் முயின் பெக் ஹஃபீஸ் பந்தைக் கொண்டுவர வேண்டுமா, ஓரத்தில் நின்று கூடையில் போட வேண்டுமா?

என் கட்சி, போடட்டும். 8 வினாடிக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும், 24-க்குள் எறிய வேண்டும். கொண்டுவருபவரை எதிராளி மார்போடு மார்பாக நெருக்குவான். அந்த அடி உதையிலேயே எறியும் கை தளர்ந்துவிடும். அந்த வேலைக்கு அகிலன் பாரி மாதிரி பாயின்ட் கார்டு வேண்டும். தடுப்பவனை இரண்டு தட்டில் ஒதுக்கி, சக ஆட்டக்காரன் வெட்டி ஓடும் இடத்துக்குப் பந்தை முன்னாடியே அனுப்புகிற ஆள். (கைதட்டல் என்னவோ கூடையில் போட்டவனுக்குத்தான்.)

ஆனால் ஸ்கோர் சமம், கடைசி ஒரு நிமிடம் என்றால்? பந்து முயினிடமே இருக்கட்டும்.